பதிவேட்டில் இருப்பவர் வீட்டில் இருக்கிறாரா? ஜெர்மனியின் மாதிரிக் கணக்கெடுப்பு

ஜெர்மனியில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் உள்ளூர்க் குடிப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நாட்டை விட்டே போகும்போது பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். பதியாவிட்டால் ஒவ்வொரு வேலையிலும் இடிக்கும். நீக்க மறந்தாலோ, போனவருக்குப் பெரும்பாலும் எந்தச் சிரமமும் இல்லை. அதனால் ஊரில் இல்லாதவர்களின் பெயர்கள் ஏட்டில் தங்கிவிடுகின்றன. பதியாமலே வசிப்பவர்களும் உண்டு.

2011 முதல் அந்நாடு வீடு வீடாக எல்லோரையும் எண்ணாமல், இந்தப் பதிவேடுகளைக் கொண்டே மக்கள்தொகையைக் கணக்கிடுகிறது. ஏட்டின் பிழை எவ்வளவு என்று அளந்து திருத்துவதற்கே மாதிரிக் கணக்கெடுப்பு, அதாவது ஒரு பகுதியை மட்டும் நேரில் போய் எண்ணிப் பார்ப்பது.

குலுக்கலில் எடுக்கப்படுவது ஆட்கள் அல்ல, முகவரிகள். திட்டத்தின் உயிர்நாடி இதுதான். பதிவேட்டிலிருந்து ஆட்களை எடுத்தால் ஏட்டில் இல்லாதவர் ஒருபோதும் அகப்படமாட்டார். முகவரியை எடுத்தால் அங்கே வசிக்கும் அனைவரும் கணக்கில் வந்துவிடுவார்கள். ஒரு கட்டடத்தில் 12 பெயர்கள் பதிவாகியுள்ளன என்று வைத்துக்கொள்வோம். நேரில் போனால் 10 பேர். அவர்களில் ஒருவர் பதியாதவர். ஆக, மிகை மூன்று, விடுபட்டது ஒன்று. இரண்டையும் தனித்தனியே குறிக்காமல் 'இரண்டு பேர் குறைவு' என்று மட்டும் எழுதினால் பதிவேட்டின் உண்மை நிலை தெரியாது. சிறிய வீடும் பெரிய அடுக்குமாடியும் ஒரே மாதிரி பிழைபடுவதில்லை என்பதால், முகவரிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டே குலுக்குகிறார்கள்.

2011 சட்டப்படி, 10,000 பேருக்குக் குறையாத ஊர்களில் மதிப்பீட்டின் திட்டப்பிழை (மாதிரியை வைத்துக் கணிப்பதால் வரும் பிழையின் அளவு) 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 10,000 பேர் உள்ள ஊரில் அது 50 பேர். சிறிய ஊர்களில் எண்ணிக்கையைத் திருத்த மாதிரியைப் பயன்படுத்தவில்லை, முரண்பட்ட பதிவுகளை மட்டும் விசாரித்தார்கள். நாடு முழுவதும் நினைத்ததைவிட சுமார் 15 லட்சம் பேர் குறைந்தார்கள். பெர்லினில் மட்டும் சுமார் 1.8 லட்சம்! தலைக்கணக்கை வைத்தே நிதி பகிரப்படுவதால், பெர்லினும் ஹாம்பர்க்கும் இந்த இருவகை முறையை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் சென்றன. 2018 செப்டம்பரில் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் 2022 கணக்கெடுப்பில் மாதிரியைக் கொண்டு திருத்தும் முறை சிறிய ஊர்களுக்கும் வந்தது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது: எல்லா ஊரையும் ஒரே கோலால் அளக்க வேண்டும்.

பதியாதவர் என்று தெரிந்தால் அபராதம் வருமா? வராது. கணக்கெடுப்பில் சொன்னது குடிப்பதிவு அலுவலகத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது என்பது அரசமைப்பு நீதிமன்றத்தின் 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வந்த பாதுகாப்பு. இதனால் ஏட்டிலுள்ள தவறான பெயர் கணக்கெடுப்புக்குப் பின்னும் அப்படியே இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான் திருத்தப்படும். இந்த விலையைக் கொடுப்பது தகும். பயமிருந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

உங்கள் முகவரி குலுக்கலில் விழுந்தால் பதில் சொல்வது சட்டப்படி கட்டாயம். ஆனால் கணக்கெடுப்பாளரை வீட்டுக்குள் விட வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றே பதில் தரலாம்.