பத்து மூட்டில் எட்டு தேறினாலும் அதே 4 மதிப்பெண்

லூபஸுக்கான அனிஃப்ரோலுமாப் மருந்து 2018-ல் ஒரு பெரிய சோதனையில் தோற்றது. 2021-ல் அதே மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது எப்படி என்று விரல் மூட்டுவலியோடு வாழும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. விடையில் பெரும்பகுதி, வலியை எப்படி அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

லூபஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும். அதைத் தூண்டிவிடும் இன்டர்ஃபெரான் சமிக்ஞையை இந்த மருந்து தடுக்கிறது. சோதனையில் ஒரு பிரிவினருக்கு மருந்து, இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பழைய மாத்திரைகளை இரு பிரிவினரும் தொடர்வார்கள். சரி, இதுவரை இதுபோன்ற பெரும்பாலான சோதனைகளுக்கும் பொதுவானதுதான்.

மூட்டு என்று வரும்போதுதான் சிக்கல். முடக்குவாதம் எலும்பை அரிக்கும், எக்ஸ்ரேயில் தெரியும். லூபஸ் பெரும்பாலும் அரிப்பதில்லை. ஆகவே மருத்துவரின் கட்டைவிரல்தான் கருவி. தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கைவிரல்கள் என 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். எவ்வளவு அழுத்தம்? அழுத்துபவரின் நகம் வெளுக்கும் அளவுக்கு. பாதம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அடுத்தது மதிப்பெண். லூபஸின் பல அறிகுறிகளுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் ஸ்லீடை என்ற அளவுகோலில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுகளில் வலியும் அழற்சியும் இருந்தால் 4 மதிப்பெண். இரண்டானாலும் 4, இருபதானாலும் 4. பத்து மூட்டு வீங்கிய ஒருவருக்கு எட்டு சரியாகி இரண்டு மிஞ்சினால், அவரால் மறுபடி சட்டைப் பொத்தானைப் போட முடியலாம். ஆனால் மதிப்பெண் அசையாது. பத்து இடத்தில் ஒழுகிய கூரையில் எட்டை அடைத்த பிறகும் ‘ஒழுகுகிறதா, இல்லையா?’ என்று மட்டும் கேட்பதைப் போன்றது இது.

முதல் சோதனையான டியூலிப்-1, மொத்த ஸ்லீடை மதிப்பெண் குறைந்தது 4 இறங்க வேண்டும் என்ற விதியை வைத்திருந்தது. 52 வாரம் கழித்து மருந்துப் பிரிவில் 36 சதவீதம், மற்றப் பிரிவில் 40 சதவீதம் பேர் அதை எட்டினார்கள். இரண்டாவது சோதனையான டியூலிப்-2-ல், யாருக்கு எது என்ற ரகசியத்தை உடைக்கும் முன்பே, முதன்மை அளவுகோலை பிக்லா என்ற இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பாதித்த உறுப்புகள் எல்லாவற்றிலும் நோயின் தீவிரம் ஒரு படியாவது இறங்க வேண்டும், எதுவும் மோசமாகக் கூடாது என்பது அதன் விதி. முழுக் குணம் தேவையில்லை. முடிவு: மருந்துப் பிரிவில் 47.8 சதவீதம், மற்றப் பிரிவில் 31.5 சதவீதம். ரகசியம் உடைந்தபின் மாற்றியிருந்தால் இந்த எண்ணை நான் நம்பியிருக்க மாட்டேன்.

மருந்தில்லாப் பிரிவின் அந்த 40 சதவீதத்தைக் கவனியுங்கள். பழைய மாத்திரைகள் ஒரு காரணம். லூபஸ் தானாகவே ஏறி இறங்குவது இன்னொன்று. எந்தக் கஷாயம் குடித்தவருக்கும் ஒரு நல்ல மாதம் வரத்தான் செய்யும். அதை நம்பி, லூபஸின் அடிப்படை மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்துபவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

மூட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் முடியவில்லை. டியூலிப்-2-ல் தோல் பாதிப்பு பாதியாகக் குறைந்தவர்கள் 49-க்கு 25 சதவீதம், தெளிவான வித்தியாசம். மூட்டு எண்ணிக்கை பாதியாகக் குறைந்தவர்களோ 42.2-க்கு 37.5 சதவீதம்தான். உறுதியாகச் சொல்ல இந்த இடைவெளி போதாது. மருந்து மூட்டில் வேலை செய்யவில்லையா, அல்லது கட்டைவிரல் தவறவிட்டதா?

விரலுக்கு அகப்படாத அழற்சியை அல்ட்ராசவுண்ட் காட்டும்: மூட்டு உறையின் தடிப்பு, அதில் கூடுதலாகப் பாயும் ரத்தம் இரண்டும் திரையில் தெரியும். பழகிய கையும் நேரமும் வேண்டும், அதற்குப் பணமும். தன் மருந்தை விற்க வேண்டிய கம்பெனி பொது அளவுகோலுக்குச் செலவழிக்கும் என்று காத்திருக்க முடியாது. அரசு ஆராய்ச்சி நிதி முதலில் இங்கேதான் வர வேண்டும் என்பேன்.