செய்தி வாசிக்கக் கூடாது, குடத்தை எண்ணலாம்

சுற்றுவட்டார மக்களுக்காக நடக்கும் சமுதாய வானொலிக்குப் புதிதாக வரும் தொகுப்பாளர்கள் முதல் வாரமே கேட்பது: "நம்ம ஊர்ச் செய்தியை வாசிக்கலாமா?" வாசிக்கக் கூடாது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் நிலையம் நடத்த அனுமதி திறந்துவிடப்பட்டபோதே செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் எல்லாவற்றுக்கும் தடை எழுதப்பட்டது. ஆல் இந்தியா ரேடியோ செய்தியைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம். வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்தடை, குடிநீர் அறிவிப்பு இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது.

இந்த விதிக்குப் பயந்து பொதுப் பிரச்சினைப் பக்கமே தலைவைக்காமல், சமையல் குறிப்பும் சினிமாப் பாட்டுமாகப் பொழுதை ஓட்டும் நிலையங்கள் உண்டு. அவ்வளவு பயம் தேவையில்லை. நேற்று யார் என்ன அறிக்கை விட்டார் என்று வாசிப்பதுதான் வம்பு. ஒரு திட்டத்தில் நமக்கு என்ன கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் யாரிடம் போவது என்று பேசுவது வளர்ச்சி நிகழ்ச்சி. அதற்காகத்தான் அனுமதியே தருகிறார்கள்.

நம் ஒலிபரப்பு பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். நாட்டுப் பிரச்சினையையும் அந்த வட்டத்துக்குள் இறக்கித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வீடு குழாயில் குடிநீர் தர 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். டெல்லியிலிருந்து ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் ஆள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பதினெட்டுக் குடத்துக்குச் சற்று மேல். இனி ரெக்கார்டரோடு குழாயடிக்குப் போகலாம்.

"தண்ணீர்ப் பிரச்சினை பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் சரியில்லைங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "கடைசியா என்னைக்குக்கா தண்ணி வந்துச்சு? எத்தனை மணிக்கு? எத்தனை குடம் பிடிச்சீங்க?" என்று கேளுங்கள். தெருவின் முதல் வீட்டிலும் நடுவீட்டிலும் கடைசி வீட்டிலும் இதே மூன்று கேள்வி. முதல் வீட்டில் இருபது குடம், கடைசி வீட்டில் நாலு குடம் என்று பதில் வந்தால், தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, வழியில்தான் ஏதோ நடக்கிறது. பெரும்பாலும் மேட்டு வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சியிருப்பார்கள், அல்லது தெருக் குழாயைத் திறந்து மூடும் கேட் வால்வு சரியாகத் திறக்காது. எது என்பதை டேங்க் ஆபரேட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் புகார் நிகழ்ச்சி என்று கூப்பிட்டால் வரமாட்டார். அவர் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தனியாக முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இத்தகைய பேச்சை நேரலையில் வைப்பது வினை. யாராவது ஒருவர் "இன்னார் காசு வாங்கிட்டுத்தான் இணைப்புக் கொடுக்கிறார்" என்று பெயர் சொல்லிவிடுவார். ரசீது உண்டா, தேதி தெரியுமா என்று அப்போதே கேளுங்கள். இல்லையென்றால் அந்த வரி போகாது. ரசீது இருந்தாலும், குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலும் அதே நிகழ்ச்சியில் வர வேண்டும். அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளிவைப்பது நியாயமில்லை, இந்த வாரம் கேட்டவர் அடுத்த வாரமும் கேட்பார் என்று என்ன நிச்சயம்? ஒலிபரப்பானதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வெட்டாத மூலப் பதிவையும் கூடவே வையுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று யாராவது வந்து நின்றால் அதுதான் பதில் சொல்லும்.

கலையகத்தில் தொகுப்பாளரைத் தவிர மூன்று பேர் போதும். நாலாவது ஆள் வந்தால் எது யார் குரல் என்று கேட்பவருக்குப் பிடிபடாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கும். ஃபேனை நிறுத்துங்கள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். மற்ற நேரலை நிகழ்ச்சிகளில், தொலைபேசியில் பேசுபவரிடம் வீட்டு ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டே இணைப்புக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் குரலே திரும்ப வந்து அவரைத் திக்க வைக்கும்.

நிகழ்ச்சியைக் கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பு வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் சபை கூடும். வீடு வாரியான குடக் கணக்கு ஒரு தாளில் இருந்தால் "தண்ணி வரலை" என்பதைத் தட்டிக்கழிப்பதுபோல அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சபையில் யார் யாரை என்ன சொன்னார் என்று மறுநாள் வாசிக்காதீர்கள், அது செய்தி. தீர்மான நகலை எப்படி வாங்குவது என்று சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே கடைசி வீட்டுக்குப் போய், "இப்ப எத்தனை குடம்க்கா?" என்று கேட்டு அந்தப் பதிலைப் போடுங்கள்.