காயேடமா: ராமென் கிண்ணத்தில் ஓர் ஆள்மாறாட்டம்

ஜப்பானில் ஃபுகுவோகா நகரத்து ஹகாட்டா ராமென் (சூடான சாற்றில் போட்டுத் தரும் நூடுல்ஸ்) கடைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் காயேடமா. கிண்ணத்தில் சாறு மட்டும் மிச்சமிருக்கும்போது சாப்பிடுபவர் நிமிர்ந்து இதைச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் வடிகூடையைப் பட்பட்டென்று உதறி, ஆவி பறக்கும் நூடுல்ஸை அதே கிண்ணத்தில் சரித்துவிட்டுப் போவார். சாறு பழையது, நூடுல்ஸ் புதுசு.

'காயே' என்றால் மாற்று. 'டமா' என்றால் உருண்டை. நூடுல்ஸை ஆளுக்கொரு உருண்டையாகச் சுருட்டி வைப்பதால் ஒரு டமா, இரண்டு டமா என்றுதான் எண்ணுவார்கள் (முட்டைக்கோசுக்கும் அதே கணக்கு). தனியாக வரும்போது வல்லொலியாக இருக்கும் ட, சொல்லோடு சேர்ந்ததும் மெலிந்துவிடும். காயில் வரும் 'கா'வும் மாங்காயில் வரும் 'கா'வும் ஒன்றுபோலவா ஒலிக்கின்றன? அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போய்த் தேர்வு எழுதும் தில்லுமுல்லுக்கும் ஜப்பானியர்கள் காயேடமா என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த இடத்தில் தமிழ் தடுமாறாது: ஆள்மாறாட்டம்.

ஹகாட்டா நூடுல்ஸ் சன்னமானது. பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த வெள்ளைச் சாற்றில் கிடந்தால் சீக்கிரம் குழைந்துவிடும். அதனால் முதலில் அளவாகப் போட்டு, வேண்டுமென்றால் மறுபடி கேட்கும் பழக்கம் வந்தது. நாகஹாமா மீன்சந்தையை ஒட்டிய கடைகளில் பிறந்த பழக்கம் இது என்பார்கள். அவசரத்தில் சாப்பிட வரும் சந்தைத் தொழிலாளிகளுக்குச் சட்டென்று வெந்துவிடும் சன்ன நூடுல்ஸ்தான் தோது. பதம்கூடச் சொல்லிக் கேட்கலாம்: காட்டா என்றால் விறைப்பு, பாரிகாட்டா என்றால் ரொம்ப விறைப்பு, அதற்கும் மேலே ஹாரிகானே, அதாவது கம்பி! தடித்த நூடுல்ஸ் போடும் பிற ஊர்க் கடைகள் பலவற்றில் இந்த வழக்கம் கிடையாது. அங்கே பசிக்காரர்கள் தொடக்கத்திலேயே 'ஓமோரி' என்று கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'மாற்றுருண்டை' என்றால் மருந்துக்கடைச் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது. பந்தியில் நாம் சொல்லும் 'மறுசோறு' இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் நம் இலையில் சோறு மறுபடி விழும்போது சாம்பார் போய் ரசம் வந்துவிடும். அங்கே சாறு அசையாது. 'மறுசேவை' அழகான சொல்தான், நூடுல்ஸுக்கும் பொருந்தும். என்ன, கேட்பவர் ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப்பில் விடச் சொல்வதாக நினைத்துக்கொள்வார். என் ஓட்டு 'மறுபிடி'க்கு. ஒரு பிடி சோறு என்று கையளவில் கணக்கிடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

மறுபிடி கேட்கும் எண்ணமிருந்தால் சாற்றை உறிஞ்சித் தீர்த்துவிடாதீர்கள். கடைசி வாய்க்குச் சற்று முன்பே சொல்லிவிடுங்கள். புது நூடுல்ஸ் கொண்டுவரும் தண்ணீரில் சாறு சப்பென்று ஆனால், எதிரே குப்பியில் இருக்கும் சோயா கலவையைக் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம்.