‘விசாரணைக்கு வா’ என்று கூப்பிட்டால் கேட்க வேண்டிய காகிதங்கள்

“ஒண்ணும் இல்லம்மா, சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்.”

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் இரண்டு பேர் இப்படிச் சொன்னார்கள். இருவரும் சீருடையில் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் செல்போன் காணாமல் போயிருந்தது. அங்கே பந்தி பரிமாறப் போன பையன்களில் அக்காவின் மகனும் ஒருவன். அவனைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று அக்காவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பதினொன்றரை மணி வரை மூன்று ஸ்டேஷன்களுக்கு அலைந்தோம். முதல் இரண்டு இடத்திலும் “இங்க யாரையும் கூட்டிட்டு வரல” என்றார்கள். மூன்றாவது இடத்தில், ரைட்டர் மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்திருந்தான்.

அவனைக் கைது செய்யவில்லை என்றார்கள். எஃப்.ஐ.ஆர். கூடப் போடவில்லை. அதாவது காகிதப்படி அவன் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். கைதான ஒருவருக்குச் சட்டம் வரிசையாக உரிமைகள் வைத்திருக்கிறது. கைது என்றே எழுதாவிட்டால் அந்த உரிமைகள் எங்கிருந்து தொடங்கும்?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. கீழே வரும் பிரிவு எண்கள், வேறு சட்டம் என்று சொல்லாதவரை, அதில் உள்ளவை.

ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துக்கொள்ள ‘சும்மா விசாரணை’ என்று ஒரு பிரிவு இந்தச் சட்டத்தில் கிடையாது. இருப்பது இரண்டு வழி. முதலாவது, சாட்சியாக அழைப்பது. அது 179ஆம் பிரிவு. அழைப்பு எழுத்தில் வர வேண்டும்; அழைக்கப்படுபவர் அந்த ஸ்டேஷனின் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷனின் எல்லையிலோ இருப்பவராக இருக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயில் இருப்பவர்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பி வந்தால் மட்டும் ஸ்டேஷனில் விசாரிக்கலாம். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எத்தனை அம்மாக்கள் ராத்திரி ஸ்டேஷன் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை!

இரண்டாவது, சந்தேகப்படுபவராக அழைப்பது. அது 35(3). கைது தேவையில்லாத நேரத்தில், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் ஆஜராக வேண்டும் என்று போலீஸ் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் இதை 41ஏ நோட்டீஸ் என்பார்கள். வக்கீல்கள் இன்றும் வாய்ப்பழக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போய் ஒத்துழைக்கும் ஒருவரைக் கைது செய்ய வேண்டுமானால், ஏன் தேவைப்பட்டது என்று அதிகாரி காரணம் எழுதியாக வேண்டும். போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பை நாமே கைவிட்டதாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லக் கூடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டது.

ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது, தேவைக்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் வரும் என்றும் சொன்னது. செல்போன் திருட்டு, தெருச் சண்டை, கடன் தகராறு போன்ற, நம் வீடுகளைத் தொடும் பெரும்பாலான வழக்குகள் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

சரி, நோட்டீஸும் இல்லை, கைதும் இல்லை, ஆனால் எழுந்து போகவும் விடவில்லை என்றால்? ஒருவரைப் போகவிடாமல் நிறுத்திய நொடியே அவர் கைதாகிவிட்டார். அதிகாரி பதிவேட்டில் எந்த நேரத்தை எழுதுகிறார் என்பது கணக்கல்ல. பம்பாய் உயர் நீதிமன்றம் 1990இலேயே சுங்கத் துறை வழக்கு ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டிய கடிகாரம் பையனை வாசலிலிருந்து கூட்டிப்போன கடிகாரம்தான்.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2025 ஜூன் மாதம் நம் கண்முன் சாட்சி இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்திரகாளியம்மன் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞரை, நகை காணவில்லை என்ற புகாரில் சிறப்புப் படை போலீசார் விசாரித்தார்கள். கோயிலுக்குப் பின்னால் வைத்து அவரை அடிப்பதை ஒருவர் மறைவாக நின்று செல்போனில் படம் பிடித்தார். ஜூன் 28 அன்று அந்த இளைஞர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். வழக்கே பதியாமல் சிறப்புப் படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. போலீசார் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவரைக் கூட்டிப் போகும்போது அந்த வீட்டாரிடமும் ‘விசாரணை’ என்ற அதே வார்த்தைதான்.

கைது என்று ஆகிவிட்டால்

அப்போது கேட்க வேண்டிய முதல் காகிதம் கைதுக் குறிப்பாணை, அதாவது கைது விவரத்தை எழுதும் ‘அரெஸ்ட் மெமோ’. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் போட்டது. அவற்றில் முக்கியமானவை இப்போது 36ஆம் பிரிவில் சட்டமாகவே இருக்கின்றன. கைது செய்பவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். குறிப்பாணையில் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். தேதி, நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம். சாட்சியாக விசாரிக்கப்படுபவர் போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181ஆம் பிரிவே சொல்கிறது.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முன்பு சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் போன்ற சட்டங்களுக்கு மட்டும் வலியுறுத்தப்பட்ட இந்த விதியை, 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது. கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும். உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டுக்கு (காவலில் வைக்கும் உத்தரவுக்கு) நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். தராவிட்டால் கைதே சட்டவிரோதம் ஆகிறது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினால் போதாது என்பதுதான் இதற்குப் பொருள்.

கைதான செய்தியைச் சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டியது போலீசின் கடமை (48ஆம் பிரிவு). ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழான ஏ.எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத ஓர் அதிகாரி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றம் ஆகியவற்றைப் பதிந்து வைத்து வெளியே தெரியும்படி காட்ட வேண்டும் (37ஆம் பிரிவு). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். முழு நேரமும் அவர் பக்கத்தில் இருக்க முடியாது, ஆனால் சந்திக்க முடியும். காசு இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும்.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயது தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைப்பதற்கு இடமே இல்லை. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்த இரண்டு நிமிடம்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் 22ஆவது உறுப்பும் சட்டத்தின் 58ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. அதற்கு முன் கைதானவரை டாக்டர் பரிசோதித்து, உடலில் உள்ள காயங்களை எழுதி, அதன் நகலை அவரிடம் தர வேண்டும் (53ஆம் பிரிவு). நடைமுறையில் என்ன நடக்கிறது? அரசு மருத்துவமனை வராந்தாவில் போலீஸ் பக்கத்தில் நிற்க, “அடி ஏதும் இருக்கா?” என்று டாக்டர் கேட்கிறார். பையன் தலையாட்டுகிறான். சீட்டு எழுதியாகிவிட்டது.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் இந்த எல்லாப் படிகளையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். டாக்டர் சான்றும் இருந்தது, ரிமாண்டும் நடந்தது. 22ஆம் தேதி மகன் இறந்தார், மறுநாள் தந்தை. மாஜிஸ்திரேட் பக்கத்தில் அழைத்துப் பார்க்காமலே சிறைக்கு அனுப்பினார் என்ற புகார் அப்போதே எழுந்தது. அதனால் வீட்டாரும் வக்கீலும் முன்கூட்டியே பையனிடம் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றுதான்: அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல், கேட்காவிட்டாலும் சொல், காயத்தைக் காட்டு. அங்கே பதிவானால்தான் மறு மருத்துவப் பரிசோதனை கேட்க முடியும்.

அடித்து ஒப்புக்கொள்ள வைத்தாலும் அந்த ஒப்புதல் செல்லாது. போலீசிடம் சொன்ன வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்கிறது புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தகவலின் அவ்வளவு பகுதி மட்டும் செல்லும். ‘ரெக்கவரி’ காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும், நகை வழக்குகளில் விழும் அடியும் பெரும்பாலும் இந்த விதிவிலக்கைச் சுற்றித்தான் நடக்கின்றன என்பது என் எண்ணம். ஒப்புதலுக்காகக் காயப்படுத்துவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை.

போலீசாரே இதை எப்படிப் பார்க்கிறார்கள்? காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி-சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் 2025இல் வெளியிட்ட ஆய்வுக்காக 16 மாநிலங்களிலும் டெல்லியிலும் 8,276 போலீசாரிடம் பேசினார்கள். கைது விதிகளை எப்போதும் பின்பற்றுகிறோம் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். கேரளத்தில் மட்டும் அது 94 சதவீதம். சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான், ஸ்டேஷன்களில் வேலைப் பளுவும் எங்கும் உண்டு. அப்படியிருந்தும் ஒரு மாநிலத்தில் முடிகிறது என்று அங்குள்ள போலீசாரே சொல்கிறார்கள் என்றால், முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நேரத்தைப் பதிவு செய்வது

முன்பெல்லாம் யாரையாவது போலீஸ் கூட்டிப் போனால் வக்கீல் குமாஸ்தா சொல்லும் முதல் வார்த்தை, “ஓடிப்போய் ஒரு தந்தி அடி.” எஸ்.பி.க்கு, மாஜிஸ்திரேட்டுக்கு, உயர் நீதிமன்றத்துக்கு. என் மகனை இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷன் போலீசார் கூட்டிப் போனார்கள் என்று நாலு வரி. அதில் தபால் ஆபீஸ் முத்திரையோடு நேரம் விழும். பிறகு ‘மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பிடித்தோம்’ என்று யாரும் எழுத முடியாது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. அந்த வேலையை இப்போது மின்னஞ்சல் செய்யும். எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாநில மனித உரிமை ஆணையம் ஆகியவற்றுக்கு அதே நாலு வரியை உடனே அனுப்பிவிடுங்கள். விடிந்ததும் பதிவுத் தபாலிலும் போடுங்கள். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அப்போது இந்த மின்னஞ்சலின் நேரமே பெரிய ஆதாரம்.

அப்புறம் கேமரா. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் படமும் ஒலியும் பதியும் சி.சி.டி.வி. வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளிப்புறம், கட்டடத்தின் பின்பக்கம் என்று இடம் இடமாக எழுதியிருக்கிறது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. சாத்தான்குளத்தில் சேமிக்க இடமிருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது அந்த மரணங்களை விசாரித்த வேறொரு மாஜிஸ்திரேட்டின் அறிக்கையில் வெளியே வந்தது. அங்கே உண்மையைச் சொன்னது கேமரா இல்லை, பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதனால் அடி விழுந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே மனித உரிமை ஆணையத்துக்கும் எஸ்.பி.க்கும் எழுதுங்கள். ஸ்டேஷன் பெயர், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கக் கேளுங்கள். அதை உடனே வரவழைக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

அன்று ராத்திரி எங்களோடு வந்தது ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி. குரலை உயர்த்தவே இல்லை. “சார், எந்தக் குற்ற எண்? முப்பத்தஞ்சு மூணு நோட்டீஸ் குடுங்க, காலைல பத்து மணிக்கு நாங்களே கூட்டிட்டு வர்றோம்” என்றார். ரைட்டர் உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். இருபது நிமிடம் கழித்துப் பையனை அனுப்பிவிட்டார்கள். நோட்டீஸ் ஏதும் தரவில்லை. காலையில் பத்து மணிக்குக் கூட்டிப் போனோம். அப்போதும் தரவில்லை, “தேவைன்னா கூப்பிடறோம்” என்றார்கள். அதன் பிறகு கூப்பிடவில்லை. அக்கா மட்டும் அந்தத் தம்பி எழுதிக் கொடுத்த ‘35(3)’ என்ற துண்டுச் சீட்டைப் பூக்கடைக் கல்லாப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார்.