கறுத்துப்போன முத்து, வெளுத்துப்போன கன்னம்

சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயரம்தான். 1600களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வரையப்பட்ட சீமாட்டிகளின் சிற்றோவியங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கழுத்து முத்துமாலை தெரியும். பல ஓவியங்களில் ஒவ்வொரு முத்தின் மேலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். அழுக்கு என்றுதான் முதலில் தோன்றும். அது வெள்ளி.

இந்த வேலையில் பெயர்பெற்ற நிக்கோலஸ் ஹில்லியர்ட் பொற்கொல்லராகப் பயிற்சி பெற்றவர். முத்தை வரைவதைவிடச் செய்வதுதான் அவர் வழி. ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை நிறமியான ஈய வெள்ளையைக் கெட்டியாகக் குழைத்து ஒரு சொட்டு வைப்பார். அது காய்ந்ததும் குட்டிக் குமிழாக நிற்கும். அதன் உச்சியில், பொடித்துப் பிசினில் குழைத்த வெள்ளியை ஒரு புள்ளி வைத்து, கீரி போன்ற ஒரு சின்னப் பிராணியின் பல்லால் தேய்த்து மினுக்குவார். குமிழ் மேடாக இருப்பதால் அதற்கு உண்மையான நிழல் விழும். ஓவியத்தைக் கையில் வைத்து லேசாகச் சாய்த்தால் முத்தின் ஒளியும் கூடவே நகரும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆனால் காற்றில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் வெள்ளி, சில்வர் சல்ஃபைடாக மாறிக் கறுத்துவிடும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதனால்தான். கொலுசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம், உள்ளே நிறைய வெள்ளி இருக்கிறது. இங்கே இருப்பதே ஒரு மெல்லிய பூச்சு. கறுப்பைச் சுரண்டினால் முத்தின் ஒளியே போய்விடும். அதனால் யாரும் அதில் கைவைப்பதில்லை.

மாணிக்கக்கல் தப்பித்துக்கொண்டது. அதற்கும் அடியில் மினுக்கிய வெள்ளிதான். அதன் மேல் சிவப்புச் சாயம் கலந்த மரப்பிசினை, சூடாக்கிய ஊசியால் ஒரு துளி வைத்துக் கல்லாக உருட்டுவார்கள். அந்தப் பிசின் காற்றை உள்ளே விடாமல் மூடிவிட்டதால், 400 ஆண்டுகள் கழித்தும் பல ஓவியங்களில் அந்தச் சிவப்புக்குள் ஒளி இருக்கிறது.

சரி, முகம்? அதற்கு முதலில் தளம் வேண்டும். கன்றுத்தோலை மெல்லியதாகப் பதப்படுத்தி, மாவுப்பசையால் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டுவார்கள். சில ஓவியங்களின் பின்புறம் இன்றும் சீட்டின் ஆர்ட்டின் குறி தெரிகிறது. தோலின் மேல் ஈய வெள்ளையோடு துளி சிவப்பு சேர்த்த தோல்நிறத்தைச் சமமாகப் பூசி, அதற்கு மேல் அணில்முடித் தூரிகையால் நுண்ணிய கோடுகளும் புள்ளிகளும் இட்டு முகத்தை எழுப்புவார்கள். நீர்வண்ணம் என்பதால் அழுத்தித் தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து கிளம்பிவிடும். அதனால் ஒவ்வொரு தொடுகையும் இறகு மாதிரி விழ வேண்டும். பிந்தைய தலைமுறையில் வந்த சாமுவேல் கூப்பர் 1660களில் வரைந்த சில முகங்கள் பாதியில் நின்றுபோயின. காசில்மெயின் சீமாட்டி பார்பரா வில்லியர்ஸ், பின்னாளில் ரிச்மண்ட் கோமகளான ஃபிரான்சிஸ் ஸ்டூவர்ட் ஆகியோரின் முகங்கள் அவற்றில் உண்டு. முகம் உயிரோடு இருக்கும், உடை வெறும் கோடாக நிற்கும். வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதை முடிந்த ஓவியத்தைவிட இவைதான் நன்றாகச் சொல்லித்தருகின்றன.

ஹில்லியர்ட் காலத்துச் சீமாட்டிகள் பலர் இன்று ரத்தமே இல்லாதவர்கள்போல வெளுத்திருக்கிறார்கள். வெளுத்த முகத்தை அக்காலம் அழகென்று கொண்டாடியது உண்மைதான், ஆனால் இவ்வளவு வெளுப்பு ஓவியர் தந்ததல்ல. கன்னச் சிவப்புக்குப் பூச்சியிலிருந்தோ செடியிலிருந்தோ எடுத்த சாயத்தைப் பயன்படுத்தினார்கள். இவை கரிம மூலக்கூறுகள். ஒளி படப்பட, நிறம் தரும் பிணைப்புகள் உடைந்துகொண்டே போகும். உடைந்தது திரும்ப ஒட்டாது, இருட்டில் வைத்தாலும் இழந்த நிறம் மீளாது. ஈய வெள்ளை வெளிச்சத்துக்கு அசையாது. அதனால் சிவப்பு போய், அடியில் இருந்த வெள்ளை மட்டும் மிஞ்சுகிறது.

அருங்காட்சியகங்கள் இவற்றைச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் வைப்பது இதற்காகத்தான். உச்சிவெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். அறைக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லையே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும்.

பராமரிப்பாளர்கள் எப்போதாவது ஓவியத்தின் சட்டத்தைக் கழற்றும்போது, விளிம்புக்கு அடியில் ஒளியே படாத ஒரு மயிரிழை அகலத் துண்டு வெளிப்படும். மற்ற இடத்தில் மங்கிய நிறம் அங்கே மட்டும் வரைந்த நாளின் அடர்த்தியோடு இருக்கும்.