ஃபேக் ஐடியும் அப்பாவின் போன் நம்பரும்

போன செவ்வாய்க்கிழமை, என் வக்கீல் சேம்பரைப் பூட்டப் போகிற நேரம். ஓய்வுபெற்ற அரசு பஸ் கண்டக்டர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பையன், இருபத்து நாலு வயது இருக்கும். சைபர் கிரைம் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டது பையனை இல்லை, அப்பாவை. "குட்மார்னிங் மெசேஜ்கூட எனக்கு ஒழுங்கா அனுப்பத் தெரியாது சார். என்னை எதுக்குக் கூப்பிடுறாங்க?" என்று அவர் கேட்டபோது பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்ப் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். நடத்துவது யார் என்று போடவில்லை, புரொஃபைல் படத்தில் ஒரு ஆந்தை. யார் யாரோடு பைக்கில் போனார்கள், எந்த வீட்டில் என்ன சண்டை, இதுதான் சரக்கு. அதில் பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பதிவு. படத்தில் முகத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. அவருடைய முதல் கல்யாணம் ஏன் முறிந்தது என்று கீழே நாலு வரி. கடைசியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை.

நான் எதுவும் கேட்பதற்கு முன்பே பையன் சொன்னான்: "அது ஃபேக் ஐடிதான் சார். பேரும் போடல. அப்புறம், அது உண்மைதான் சார், ஊருக்கே தெரியும்."

மூன்று வாக்கியம், மூன்றும் தப்பு. இதே மூன்றை இதே வரிசையில் இந்த ஒரு மாதத்தில் மூன்றாவது ஆளிடம் கேட்கிறேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (ஆட்களையும் ஊரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அவதூறு பற்றி எழுதி நானே மாட்டிக்கொண்டால் சக வக்கீல்கள் சிரிப்பார்கள்.)

முதலில் ஃபேக் ஐடி. ஐபி முகவரியை எப்படி எடுப்பார்கள், சிம் விவரம் எப்படி வரும் என்றெல்லாம் பாடம் நடத்தப் போவதில்லை. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே வருவதில்லை. இந்தப் பையன் அந்த ஐடியைத் திறந்தபோது தன் நம்பரைக் கொடுக்கவில்லை. வீட்டில் சார்ஜ் போட்டிருந்த அப்பாவின் போனுக்கு ஓடிபி வரவைத்தான். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருக்கிறான். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து, ஒரு மெமோ வாங்காமல் ரிட்டயர் ஆன மனுஷன் இப்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும்.

பதிவை அழித்துவிட்டான், கணக்கையும் மூடிவிட்டான். அதனாலும் தீரவில்லை. கணக்கை மூடினாலும், திறந்தபோது கொடுத்த பதிவு விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடக நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. நீங்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த புண்ணியவான் எப்படியும் ஒருவர் இருப்பார். சிவில் வழக்கென்றாலும், எழுதியவர் யாரென்று தெரியாமலேயே தொடரலாம். பெயர் தெரியாத எதிர்வாதிக்கு வெளிநாட்டில் 'ஜான் டோ' என்று பெயர். நம் கோர்ட்டுகளில் 'அசோக் குமார்'. நாடு முழுக்க உள்ள அசோக் குமார்கள் மன்னிக்க வேண்டும். அந்த வழக்கில் கோர்ட் உத்தரவு போட்டால் கணக்கு யாருடையது என்ற விவரத்தைத் தளம் கொடுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, பேர் போடவில்லை என்பது. படிப்பவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்தால் போதும். முகத்தை மறைத்த பையன், பின்னால் தொங்கிய பார்லர் போர்டை மறைக்கவில்லை. மூன்றாவது கமென்ட்டிலேயே ஒருவர் தெருப் பெயரோடு எழுதிவிட்டார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் என் தலைவலி. "உண்மையைத்தானே எழுதினேன்?"

படித்தவர்கள், பேராசிரியர்கள், ஒருமுறை ஒரு ரிட்டயர்டு தாசில்தார்கூட இதை என்னிடம் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னால்தான் அவதூறு, உண்மை என்றால் எவனும் கேட்க முடியாது என்று எங்கிருந்தோ எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் அது பெரும்பாலும் சரி, உண்மை என்று நிரூபித்துவிட்டால் அவதூறு நிற்காது. கிரிமினல் வழக்கு அப்படி இல்லை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அதன் முதல் விதிவிலக்கை நிதானமாகப் படியுங்கள். சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தப்பிக்கலாம். அதை நிரூபிக்கிற பொறுப்பும் எழுதியவர் தலையில். "ஊருக்கே தெரியும்" என்றால் அந்த ஊரில் ஒருவரையாவது சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பாருங்கள். டீக்கடையில் விலாவாரியாகச் சொன்னவர் சம்மன் வந்ததும் "எனக்கென்ன தெரியும், நான் அப்போ திருப்பூர்ல இருந்தேன்" என்பார். இருபது வருஷத்தில் ஒருவர்கூட இதற்கு விதிவிலக்காக இருந்ததில்லை.

சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணின் முதல் கல்யாணம் முறிந்த காரணத்தைத் தெரிந்துகொள்வதில் ஊருக்கு என்ன நன்மை? பையனிடமும் இதைக் கேட்டேன். யோசித்தான். பாவம், உண்மையிலேயே யோசித்தான். பதில் வரவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசுகிற எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, 1994இல் நக்கீரன் கோபால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடவிருந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது கோர்ட். அரசு அதிகாரியின் அலுவல் நடத்தையைப் பற்றி எழுதியது தப்பாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினார்கள் என்று காட்டாதவரை அவர் நஷ்டஈடு கேட்க முடியாது என்றும் சொன்னது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது: ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது, அது உண்மையாக இருந்தாலும் சரி, பொய்யாக இருந்தாலும் சரி. கோர்ட் ஆவணங்கள் போன்ற பொதுப் பதிவுகளில் ஏற்கெனவே இருப்பதற்கும், தானாகச் சர்ச்சைக்குள் வந்து நிற்பவருக்கும்தான் விலக்கு.

அதிகாரத்தில் இருப்பவனைப் பற்றிப் பேச அவ்வளவு இடம் கொடுத்த கோர்ட், பக்கத்து வீட்டுக்குள் எட்டிப்பார்க்க இடம் கொடுக்கவில்லை. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரோடு போடாத கவுன்சிலரைப் பற்றி ஒரு வரி எழுதப் பயம், பார்லர் அக்காவைப் பற்றி எழுத ஆந்தைப் படம்.

அவதூறுக்கு போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார்தான் போட வேண்டும். இதைப் படித்துவிட்டு "அப்போ போலீஸ் எப்படி சார் கூப்பிடலாம்?" என்று கேட்கிற அரைகுறைச் சட்ட நிபுணர்களுக்கு ஒரு வார்த்தை. பெண்ணைப் பற்றி, படத்தோடு, அருவருப்பாக எழுதினால் வருகிற பிரிவு அவதூறு மட்டும் இல்லை. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்துவது, தமிழ்நாட்டின் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் என்று போலீஸ் நேரடியாகக் கையில் எடுக்கக்கூடியவை இருக்கின்றன. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு போய்விட்டதே என்பார்கள். போய்விட்டது, 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நல்லதுதான். போனது அந்த ஒரு பிரிவு. அவதூறுச் சட்டத்தை அடுத்த ஆண்டே, சுப்ரமணியன் சுவாமி வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

"நான் ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன்" என்பவர்கள் எஸ்.வி. சேகர் வழக்கைப் படிக்கலாம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறு யாரோ எழுதியதை 2018இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். அழித்தார், மன்னிப்பும் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் வழக்கை ரத்து செய்ய மறுத்தது, 2024இல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறை விதித்தது. குரூப் அட்மின்களுக்கு மட்டும் ஒரு ஆறுதல்: அட்மினாக இருப்பதாலேயே மற்றவர் போட்டதற்குக் குற்றவாளி ஆக மாட்டீர்கள் என்று 2021இல் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. சொந்தமாகப் போட்டால் இந்த ஆறுதல் கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு வாயே திறக்காமல் இருந்துவிடாதீர்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். சென்ற ஆண்டு ஒரு அம்மா வந்தார். தன் மகனைச் சேர்த்த ஒரு தனியார் பயிற்சி மையம் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை என்று கூகுளில் ஒரு ஸ்டார் கொடுத்து நாலு வரி எழுதியிருக்கிறார். ஒரு கோடி நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ். அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: ரசீது இருக்கிறதா? இருந்தது, தேதியோடு. தமிழ்நாட்டில் நஷ்டஈட்டு வழக்குக்குக் கேட்கிற தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். ஒரு கோடிக்கு மூன்று லட்சம். நோட்டீஸ் அனுப்ப தபால் செலவு போதும். பதில் அனுப்பினோம், அதோடு சரி, அந்தப் பக்கத்திலிருந்து மூச்சில்லை. தனக்கு நேர்ந்ததை, கையில் காகிதம் வைத்துக்கொண்டு, நல்லெண்ணத்தோடு, தன் பெயரிலேயே எழுதுபவருக்குச் சட்டத்தில் நிறைய இடம் இருக்கிறது. "கவுன்சிலர் எங்கள் தெருவுக்கு மூன்று வருஷமாக வரவில்லை" என்று தாராளமாக எழுதுங்கள். "கமிஷன் வாங்கிவிட்டார்" என்று எழுதும் முன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இனி பாதிக்கப்பட்டவர்களுக்கு. தயவுசெய்து பதிலுக்கு நீங்களும் ஒரு ஃபேக் ஐடி திறந்து திட்டப் போகாதீர்கள். அப்படிச் செய்தவர்கள் இரண்டு வழக்கோடு என்னிடம் வருகிறார்கள். முதலில் ரிப்போர்ட் அடிக்காதீர்கள். பதிவு போய்விட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. வெட்டிய ஸ்கிரீன்ஷாட் போதாது. முழுத் திரையும், கணக்கின் பெயரும், தேதியும், இணைப்பு முகவரியும் தெரிகிற மாதிரி எடுங்கள், முடிந்தால் திரையை வீடியோவாகவே பதிவு செய்யுங்கள். எடுத்த போனை விற்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 63ஆவது பிரிவில், மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அது இல்லாத பிரிண்ட்அவுட் வெறும் காகிதம். அதன் பிறகு தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள், போலீஸில் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்குக் கெடு வெளியான நாளிலிருந்து ஒரே ஒரு வருஷம், கிரிமினல் புகாருக்கு மூன்று வருஷம். "ஆடி போகட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று பதினாலாவது மாதம் வந்து நிற்பவர்களை என்ன சொல்ல?

பையன் விஷயம் இன்னும் சிஎஸ்ஆர் அளவில்தான் இருக்கிறது. பார்லர் நடத்தும் பெண் சமாதானத்துக்கு ஒத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது, ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. எதற்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். நேற்று கொண்டுவந்தான். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பித்திருந்தது. 'யாருடைய', 'ஆவது', 'இருந்தால்' மூன்றையும் சிவப்பு மையில் அடித்துக் கையில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறான், அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு.