பாடநூலைக் கணினி வாசிக்கக் கேட்கும் உரிமை: எதற்குச் சான்றிதழ் வேண்டும், எதற்கு வேண்டாம்

பார்வைக் குறைவுள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவருக்காக, அவருடைய தாயார் பள்ளி நூலகத்தில் இருந்த துணைநூல் ஒன்றைக் கணினி வாசிக்கக்கூடிய கோப்பாக மாற்றித் தரும்படி கேட்டார். பதிப்பகத்தின் அனுமதிக் கடிதத்தையும், குறைபாடு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் உள்ளது என்னும் மருத்துவச் சான்றிதழையும் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டுக்காகவும் அவர் அலைந்ததை நான் உடனிருந்து பார்த்தேன். கடிதம் வருவதற்குள் ஆண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. அந்தக் கோப்பைத் தயாரிக்க அவ்விரண்டில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை.

சட்டம் சொல்வது சுருக்கமானது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012ஆம் ஆண்டு ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. அதன்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் படிக்கக்கூடிய வடிவில் எந்த நூலையும் மாற்றித் தரலாம். ஆசிரியர், பெற்றோர் போன்ற தனிநபரும் செய்யலாம், அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமோ நூலகமோ செய்யலாம். லாபம் பார்க்கக் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்பதே நிபந்தனை. பதிப்பகத்தாரின் அனுமதி கேட்கப்படவில்லை. இந்தச் சட்டம் தடையை நீக்குகிறது என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 கடமையைச் சுமத்துகிறது: அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற வசதியைச் செய்து தரும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

மிகப் பலர் ஏமாறும் இடம் நாற்பது விழுக்காடுதான். 18 வயது வரை நூல்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தர வேண்டும் என்னும், அதே 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவின் பலனுக்கு அந்த அளவு கட்டாயம். 16ஆம் பிரிவிலோ பதிப்புரிமை விலக்கிலோ அப்படி எந்த விழுக்காடும் இல்லை. முப்பது விழுக்காடு என்று சான்றிதழில் எழுதப்பட்ட பிள்ளைக்கு அரசு இலவசமாகக் கருவி தராமல் போகலாம். ஆனால் பாடத்தைக் கோப்பாகக் கொடுக்க முடியாது என்று பள்ளி சொல்வது தவறு. எழுத உதவியாளர் வைத்துக்கொள்ளும் உரிமையை நாற்பது விழுக்காட்டினருக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என 2021இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகக் கூறிவிட்டது. இன்னொரு சாக்கு, "இது பார்வையற்றவர்களுக்கு மட்டும்" என்பது. எழுத்துகளைப் பிரித்தறிய முடியாத கற்றல் குறைபாடு உள்ளவரும், மூளை முடக்குவாதத்தால் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாதவரும் இதே உரிமை உடையவர்களே. தனியார் பள்ளிகள் 17ஆம் பிரிவு அரசுக்கானது என்று சொல்லி நழுவப் பார்க்கும். அந்தப் பிரிவு அரசுக்கானது என்பது உண்மைதான். ஆகவே மனுவில் 16ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்; அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் அதில் அடங்கும்.

அடுத்த தொல்லை, கோப்பு கைக்கு வந்த பிறகு தொடங்குகிறது. பக்கங்களைப் படமெடுத்துத் தொகுத்த பிடிஎஃப் கோப்பைக் கொடுத்துவிட்டு, கேட்டதைத் தந்துவிட்டோம் என்பார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்போ கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். மென்பொருள் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். அந்த இடத்திலேயே சோதித்துப் பாருங்கள்: ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, எழுத்துருவைக் கூடவே எடுத்துக்கொள்ளாத நோட்பேட் போன்ற வெற்று உரைக் கோப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் "மின்நூல்" என்று பொதுவாக எழுதாமல், யூனிகோடு எழுத்தில் (எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடு) வேர்டு அல்லது இபப் என்னும் மின்நூல் வடிவக் கோப்பு வேண்டும் என்று எழுதுங்கள். மாற்றித் தரக் கேட்பதற்கு முன், அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக 2016இல் தொடங்கப்பட்ட 'சுகம்யா புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிடுவது நல்லது.

எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறதே என்று பெருமையுடன் பதில் வரும். திரையில் ஓடும் படத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டால், பார்வையற்ற மாணவர் அந்த வகுப்பில் இருந்தும் இல்லாதவரே. திரையில் காட்டப்போகும் பாடக்குறிப்பை முதல் நாளே கோப்பாகத் தரும்படி கேளுங்கள். ஆசிரியருக்கு இதனால் கூடுதல் வேலை எதுவும் இல்லை. நூலகத்தில் கணினி இருந்தும், புதிய மென்பொருள் நிறுவ மேலிட அனுமதி இல்லை என்று மறுப்பது வழக்கம். என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கலாம். ஹெட்போனைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். இரைச்சலைக் காரணம் காட்டி வெளியே அனுப்ப இடம் கொடுக்காதீர்கள்.

எச்சரிக்கைகள் இரண்டு. மாற்றிய கோப்பை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். விலக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே உரியது, அந்த ஒரு தவற்றைக் காட்டி நூலகம் அடுத்த ஆண்டு கதவை மூடிவிடும். வகுப்பில் கணினி பயன்படுத்துவதால் பொதுத்தேர்விலும் தானாக அனுமதி கிடைத்துவிடும் என்றும் நம்பி இருந்துவிடாதீர்கள். தேர்வுச் சலுகைகளுக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கொடுக்காதவர்கள் கடைசி வாரத்தில் படும் பாடு சொல்லி மாளாது.

வாய்மொழியாக எதையும் கேட்காதீர்கள். தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் அந்த இடத்திலேயே கரைந்துவிடுகின்றன. அப்படியும் நடக்காவிட்டால், கல்வி அலுவலகத்துக்கும் நல அலுவலகத்துக்கும் மாறி மாறி அலைவதை விட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அந்த நகல்களுடன் புகார் எழுதுங்கள். உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்க 2016 சட்டத்தின் 80ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. அவருடைய பரிந்துரைமீது எடுத்த நடவடிக்கையை அலுவலர்கள் மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அந்த மூன்று மாதமும் பிள்ளையின் கல்வியாண்டிலிருந்துதான் கழியும் என்பதால், முதல் மனுவைப் பள்ளி திறந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.